பேரல் நட்டில் என் கோடு

என் ஆசை ஃபிட்டருக்கு,

ஏங்க, ஜெயிச்சுட்டேன். முதல்ல அதைச் சொல்லிடறேன். நலமா, சுகமான்னு ஆரம்பிச்சா "விஷயத்துக்கு வா செண்பகம்"னுதான் சொல்லுவீங்க. விஷயம் இதுதான். மாவட்ட ரைஃபிள் டீம்ல என் பேர் வந்துடுச்சு. அடுத்த மாசம் மாநிலப் போட்டிக்கு சென்னைக்குப் போறேன், மூத்தோர் பிரிவுல. மூத்தோர்னு போட்டதுக்கு கிளப்புக்கே போய் கோச் சபேசன் சார்கிட்ட சண்டை போட்டேன். அம்பத்திரண்டெல்லாம் ஒரு மூப்பா?

இன்னொண்ணு. நீங்க போறதுக்கு முன்னாடி நாம போட்ட கடைசிச் சண்டை இருக்கே, அதுக்கும் தீர்ப்பு வந்துடுச்சு. நீங்க தோத்துட்டீங்க. சிரிக்காதீங்க, நானும்தான் தோத்துட்டேன்.

இந்தக் கடுதாசியை கிளப் மலர்ல போடணும்னு சபேசன் சார் கேட்டிருக்கார். அதனால நாலு பேர் ஒட்டுக் கேப்பாங்க. அவங்களுக்காக உங்களுக்குத் தெரிஞ்ச கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு. கோவிச்சுக்காதீங்க.

நான் ஸ்ரீரங்கத்துல ரேஷன் கடை விற்பனையாளர். நீங்க துவாக்குடியில வால்வு செய்யற ஒரு சின்ன கம்பெனியில ஃபிட்டர். சமயபுரம் தேருக்குப் போன இடத்துல, பலூன் சுடற கடையில ஒரு வரிசை பலூனையும் விடாம உடைச்சேன். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, அடுத்தவங்களுக்கும் கொஞ்சம் வைங்க"ன்னார். அவ்வளவுதான், நீங்க அங்கேயே முடிவு பண்ணிட்டீங்க. நாப்பத்தி மூணு வயசுல என்னைக் கொண்டு போய் துப்பாக்கி சுடற கிளப்புல சேர்த்து விட்டீங்க. சென்னையில ஒருத்தர் வேண்டாம்னு ஒதுக்கின பழைய ஏர் ரைஃபிளை வாங்கிட்டு வந்தீங்க. காத்தழுத்தத்துல சுடறது அது. பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதம், அதுல ஒரு புள்ளி, அவ்வளவுதான் எங்க எதிரி. என் தம்பிதான் உங்ககிட்ட, "அத்தான், இனிமே குழம்புல உப்பு கூடினாலும் வாயைத் திறக்காதீங்க"ன்னான்.

அப்பவே நமக்குள்ள ஒப்பந்தம். சுடறது நான், முடுக்கறது நீங்க. பேரலை, அதான் குண்டு வர்ற குழலை, கழட்டறது, துடைக்கறது, திரும்ப மாட்டறது எதுலயும் நான் கை வைக்கக் கூடாது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல சிமெண்டுல மேடை கட்டி, அதுல இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸைப் போல்ட் போட்டு இறுக்கினீங்க. நான் அதோட தாடையில சேலையைக் கவ்வ வெச்சுப் பிழிவேன். "அடியே, அது வைஸுடி!"ன்னு நீங்க அலறறது தெருக்கோடிக்குக் கேக்கும்.

பேரலைப் பிடிச்சு வைக்கிற அந்தப் பெரிய நட்டை முடுக்கி முடிச்சதும் ஒரு பச்சைக் கோடு போடுவீங்க. நட்டுல பாதி, துப்பாக்கி பாடியில பாதி. நட்டு துளி நகர்ந்தாலும் கோடு ஒடிஞ்சு காட்டிக் கொடுத்துடும். உங்க கம்பெனியில ஒவ்வொரு ஃபிட்டருக்கும் ஒரு கலர், உங்களுது பச்சை. எந்த வால்வு எங்கே ஒழுகினாலும் அந்தக் கலர்க்காரர்தான் போய் நின்னு பதில் சொல்லணும். பச்சையைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லைன்னு உங்களுக்கு எவ்வளவு பெருமை!

இப்ப சண்டைக்கு வரேன். போன ஆயுத பூஜைக்கு மொத நாள் பேரலைக் கழட்டித் துடைச்சு வெச்சிருந்தீங்க. பூஜையன்னைக்கு எல்லாத்தையும் அப்படியே வாழையிலையில பரப்பினோம். பேரல், நட்டு, ஸ்பேனர், உங்க டார்க் ரெஞ்ச், என் கடைச் சாவி. நான் ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வெச்சேன். பூஜையில வெச்சதை அன்னைக்குத் தொடக் கூடாதுன்னு விஜயதசமி காலையில எடுத்து மாட்டினீங்க. ரெஞ்சும் "டக்"னு சத்தம் போட்டுச்சு. வெச்ச அளவுக்கு முறுக்கு வந்தாத்தான் அது அப்படிச் சொல்லும். கோடும் போட்டீங்க.

அடுத்த வாரத்துலேர்ந்து ஆரம்பிச்சுச்சு பீடை. ஒரு குண்டு மேல, ஒரு குண்டு பக்கத்துல. நான் வந்து, "உங்க நட்டு சரியில்லைங்க"ன்னேன். நீங்க, "என் நட்டா? கோட்டைப் பாருடி, ஒரு மயிரிழை நகரலை. உன் தோள்தான் தூக்குது"ன்னீங்க. "என் தோளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"னேன். "இருபத்தெட்டு வருஷமாப் பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"ன்னீங்க. ரெண்டு நாள் பேசாம இருந்தோம். அப்புறம் பேசினோம், காபி குடிச்சோம், ஆனா நட்டைப் பத்தி ரெண்டு பேருமே வாயைத் திறக்கலை. மார்கழியில ஒரு காலை, பால் வாங்கிட்டு வந்து செருப்பைக் கழட்டினவர் வாசப்படியிலயே உட்கார்ந்துட்டீங்க. அவ்வளவுதான்.

சண்டை முடியாமயே போயிட்டீங்களே, அது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியுமா?

தையில கிளப்புக்குத் திரும்பப் போனேன். சுட்டது ஒண்ணுகூட உருப்படி இல்லை. எல்லாரும் பாவம் பாவம்னு பார்த்தாங்க. சபேசன் சார் நல்ல மனுஷர், மெல்லத்தான் சொன்னார். "செண்பகம் மேடம், துக்கம் கையில தெரியுது. இந்த ஞாயித்துக்கிழமை தேர்வு. அதுலயும் இப்படியே போச்சுன்னா இந்த வருஷம் இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடலாம். கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. ரைஃபிளையும் கிளப்புலயே வெச்சுடுங்க, பத்திரமா இருக்கும்."

உங்க கம்பெனி பாஸ்கர் அண்ணன் இருக்காரே, நீலக் கோட்டுக்காரர், அவரும் வீட்டுக்கு வந்து நட்டை டார்ச் அடிச்சுப் பார்த்தார். "தங்கச்சி, இது அவன் போட்ட கோடும்மா. அப்படியே இருக்கு. இதைத் தொடறது பாவம்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டார்.

அப்ப என் கைதானா? நிஜமாச் சொல்றேன், நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன். கடையில பில் போடற மிஷின் முன்னாடி கையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன், நடுங்குதான்னு. புருஷனும் போயாச்சு, கையும் போயாச்சு, இனிமே எனக்குன்னு என்னடா இருக்குன்னு தோணுச்சு. இதை நான் நம்ம பொண்ணு கவிதாகிட்டகூடச் சொல்லலை.

அந்த வியாழக்கிழமை கடையில ஒரு அதிசயம் நடந்துச்சு. ஆட்டோ ஓட்டற முருகேசன் சர்க்கரைப் பையோட திரும்பி வந்து, "அக்கா, எடை கூட இருக்குக்கா, பக்கத்து மளிகையில போட்டுப் பார்த்தேன்"னார். ரேஷன் கடைக்குள்ள யாராவது அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கீங்களா? வரிசையே வாயைப் பொளந்துச்சு. நாளைக்கு ஆபீசர் வந்து இருப்பு பார்த்தா யார் பதில் சொல்றது? தராசைப் பார்த்தேன். வெறும் தட்டுக்கு சைபர் காட்டுது. எல்லாம் ஒழுங்கு. பின்ன என்னடா எழவுன்னு தட்டைத் தூக்கினேன். அடியில ஓரமா ஒரு துவரம்பருப்பு. தட்டு அதுமேல ஏறி நின்னு பாரத்துல கொஞ்சத்தை அதுவே தாங்கிக்கிட்டிருக்கு. மேலேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியலை, அடியிலதான் இருந்துச்சு சனியன்.

பருப்பைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். முருகேசன், "என்னக்கா, பருப்புக்கும் கைநாட்டு வைக்கணுமா?"ன்னார். எனக்குப் பச்சைக் கோடு ஞாபகம் வந்துடுச்சு. நீங்க மேலேர்ந்து பார்த்தீங்க, பாஸ்கர் அண்ணன் மேலேர்ந்து பார்த்தார், நானும் மேலேர்ந்துதான் பார்த்தேன். அடியில யாருங்க பார்த்தோம்?

மறுநாள் வெள்ளி, கடை லீவு. சாப்பிட்டு முடிச்சு, முந்தானையைச் சொருகிக்கிட்டு, துவைக்கிற கல்லுகிட்ட உட்கார்ந்தேன். நீங்க செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்த்த ஞாபகம்தான் துணை. காத்து சிலிண்டரைக் கழட்டினேன். உள்ள குண்டு இல்லைன்னு ரெண்டு தடவை பார்த்தேன். வைஸ் தாடையில தோல் துண்டை வெச்சு பாடியைப் பிடிச்சேன். நட்டைத் திரும்ப விடாம பிடிக்கற பூட்டுப் பின்னை எடுத்தாச்சு. இனி நட்டைத் திருப்பினா உங்க கோடு ஒடியும்.

கொஞ்ச நேரம் கை போகலை. வீட்டுல நீங்க கடைசியா கைப்பட செஞ்சது அது ஒண்ணுதான். "மன்னிச்சுக்குங்க"ன்னு சத்தமாச் சொல்லிட்டு ஸ்பேனரைத் திருப்பினேன்.

நட்டு வெளியில வந்துச்சு. அதோட உள் விளிம்புல, பேரலோட தோள், அதான் தடிச்ச விளிம்பு, வந்து உட்கார்ற இடத்துல, மஞ்சளா ஏதோ காரை பெயர்ந்த மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால சுரண்டினேன். மோந்து பார்த்தேன்.

சந்தனம்! நான் வெச்ச சந்தனம்!

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நட்டோட வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு, பொட்டு நிக்கலை, வழுக்கிச்சு. நான் மகராசி என்ன பண்ணினேன், எண்ணெய் இல்லாத உள் விளிம்பாப் பார்த்து அழகா அழுத்தி வெச்சேன். நீங்க மறுநாள் வெளியில துடைச்சீங்க, உள்ள பார்க்கலை. கண்ணாடி போட்டிருந்தா பார்த்திருப்பீங்க. எங்கே போட்டீங்க? முடுக்கறப்ப ரெஞ்ச் "டக்"னுச்சு, சரிதான், சந்தனத்து மேல முடுக்கினதுக்கு அது "டக்"னுச்சு. அப்புறம் அது காய்ஞ்சு பொடிப்பொடியா உதிர உதிர, உள்ள இடம் விட்டுடுச்சு. பூட்டுப் பின் பிடிச்சிருந்ததால நட்டு திரும்பலை, கோடு நேராவே நின்னுச்சு. பேரல்தான் ஒவ்வொரு குண்டுக்கும் ஆடியிருக்கு.

ஆக, நட்டு சரியில்லைன்னு நான் சொன்னது சரி. அதுக்குக் காரணமும் நானே. என் தோள் நல்ல தோள். உங்க முடுக்கும் நல்ல முடுக்கு. சிரிச்சேன் பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு, நீங்க போனப்புறம் முதல் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே இருந்தவ எப்ப அழுதேன்னு தெரியலை. மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னாச்சு செண்பகம்?"னாங்க. "சந்தனம்மா, சந்தனம்!"னேன். அவங்க ஏதோ சாமி வந்துடுச்சுன்னு நினைச்சு உள்ள போயிட்டாங்க.

பல் தேய்க்கிற பிரஷால தேய்ச்சு, மரையெல்லாம் துடைச்சு, உங்க மாதிரி பொட்டு கிரீஸ் தடவி நட்டைப் போட்டேன். நீங்க பெட்டி மூடியில எழுதி வெச்ச ரெண்டு முறுக்கு அளவு இருந்துச்சு. கீழ் அளவுக்குக் குறையக் கூடாது, மேல் அளவைத் தாண்டக் கூடாது. அந்த ரெண்டுக்கும் நடுவுலயே நட்டைச் சுத்தி இருக்கற பல் வெட்டுல ஒண்ணு பாடியில உள்ள ஓட்டைக்கு நேரா வந்தாகணும். அப்பத்தான் பூட்டுப் பின் உள்ள போகும். ரெண்டு தடவை முடுக்கித் தளர்த்தினேன், மரை மரையோட பழகட்டும்னு. மூணாவதுதான் நிஜம். கீழ் அளவுல "டக்"னுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். வெட்டு ஓட்டையைத் தாண்டி அரை நூல் போயிருந்துச்சு.

அரை நூல்தாங்க. லேசா பின்னாடி தளர்த்தினா பின் "சளக்"னு உள்ள போயிடும். யார் பார்க்கப் போறாங்க? மேல கோட்டைப் போட்டா பாஸ்கர் அண்ணன்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். மணிக்கட்டு வேற வலிக்குது. ஆனா நீங்க இந்த இடத்துல என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். எத்தனை தடவை முனகியிருப்பீங்க, "பின்னாடி திருப்பினா முறுக்கு செத்துடும், அடுத்த வெட்டுக்குப் போகணும்"னு. இதுல வாழ்க்கைத் தத்துவம் எல்லாம் ஒண்ணும் இல்லை. நட்டுன்னா அப்படித்தான்.

ரெஞ்சை மேல் அளவுக்கு மாத்தினேன். துவைக்கிற கல்லுல ஒரு காலை முட்டுக் கொடுத்தேன். அரிசி மூட்டை நகர்த்தற இடுப்பு இது, சும்மாவா? மூச்சைப் பிடிச்சு ஒரே சீரா இழுத்தேன். நட்டு நகர மாட்டேங்குது. "வாடி என் ராசாத்தி, வந்துடு"ன்னேன். முனகிக்கிட்டே நகர்ந்துச்சு. இன்னும் கொஞ்சம். எங்கே மேல் அளவு "டக்"னு சொல்லிடுமோன்னு காதெல்லாம் அங்கேயே இருக்கு. அது சொல்லிட்டா எல்லாத்தையும் கழட்டி மறுபடி முதல்லேர்ந்து. அடுத்த வெட்டு ஓட்டைக்கு நேரா வந்து நின்னுச்சு. ரெஞ்ச் வாயைத் திறக்கலை. பின்னை வெச்சேன். விரலாலயே உள்ள போச்சு!

கோடு போடணும். உங்க பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன், இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு. பிரஷை முக்கிட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன். பச்சையைப் போட்டா நீங்கதானே பதில் சொல்லணும்? நாளைக்கு இது கோணினா உங்க பேரு கெடுமே, நீங்க வந்து சொல்லவா போறீங்க? டப்பாவை மூடி வெச்சேன்.

அலமாரியில கவிதா வாங்கிக் கொடுத்த ஊதா நெயில் பாலிஷ் இருந்துச்சு. உங்க அக்கா, "இனிமே இதெல்லாம் எதுக்கு?"ன்னு ஒதுக்கி வெச்சது. எடுத்தேன். பாடியில இருந்த உங்க பாதிப் பச்சையை அழிக்கலை, அது இருந்துட்டுப் போகட்டும். அதுக்குப் பக்கத்துல, நட்டுல பாதி, பாடியில பாதி, ஊதாவுல ஒரு கோடு இழுத்தேன். மிச்சத்தை வீணாக்குவானேன், பத்து நகத்துக்கும் போட்டுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கேர்ந்து துவாக்குடி பஸ் பிடிச்சு, துப்பாக்கிப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு, கிளப்புல நடக்கற தேர்வுக்குப் போனேன். சபேசன் சார் என் நகத்தைப் பார்த்தார், நான் நிக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். கணக்குல சேராத சோதனைக் குண்டு முதல்ல அஞ்சு சுட்டேன். குறிக் காகிதத்தைக் காட்டற திரையில பார்த்துட்டு அவர் முகம் வாடிப் போச்சு. "எல்லாம் இடது பக்கமாப் போகுதே மேடம்."

"போகட்டும் சார்"னேன். "ஆனா எல்லாம் ஒரே இடத்துக்குப் போகுது பார்த்தீங்களா?"

அவர் குனிஞ்சு பார்த்தார். அஞ்சு குண்டும் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே பொத்தல். பேரலைக் கழட்டி மாட்டினா குறி கொஞ்சம் தள்ளித்தானே இருக்கும்? குறியை நகர்த்தற திருகைக் கிளிக் கிளிக்னு நாலு திருப்பு திருப்பினேன். அடுத்த குண்டு நட்டநடுவுல. அதுக்கடுத்ததும் நட்டநடுவுல. அப்புறம் நான் எண்ணலைங்க. கை ஆடலை, தோள் தூக்கலை. சமயபுரம் பலூன் கடை மாதிரி போயிக்கிட்டே இருந்துச்சு. முடிச்சுட்டு நிமிர்ந்தா பின்னாடி கிளப்பே நிக்குது. சபேசன் சார், "மேடம், அடுத்தவங்களுக்கும் கொஞ்சம் வைங்க"ன்னார். அந்தக் கதையை அவர்கிட்ட எப்பங்க சொன்னீங்க?

பாஸ்கர் அண்ணனும் வந்திருந்தார். ரைஃபிளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பச்சையை விரலால தடவினார், பக்கத்துல ஊதாவைப் பார்த்தார். "இது யார் கலர்? ஊதாவுல ஒருத்தரும் இல்லையே நம்மகிட்ட?"ன்னார். நான் கையை நீட்டிப் பத்து விரலையும் காட்டினேன்.

சுரண்டி எடுத்த சந்தனத் தூளை நான் தூக்கிப் போடலை. குங்குமச் சிமிழ் ஒண்ணுல போட்டு, அலமாரியில உங்க மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். என் தப்பு பாதி, உங்க தப்பு பாதி, இனிமே அதுங்க ரெண்டும் பேசிக்கட்டும்.

வர்ற ஆயுத பூஜைக்குச் சந்தனம் பெட்டி மேல மட்டும்தான், இது சத்தியம். பெட்டிக்குள்ள இருக்கற நட்டை வேற யார் கையும் தொடாது, இதுவும் சத்தியம். சென்னையில குண்டு எங்கே போனாலும், நடுவுல போனாலும் சுவத்துல போனாலும், உங்களைத் தேடி ஒருத்தரும் வர மாட்டாங்க. நீங்க செருப்பைக் கழட்டிட்டு நிம்மதியா உட்காருங்க. பதில் நான் சொல்லிக்கறேன்.

உங்க பொண்டாட்டி,
ஊதாக் கோட்டுக்காரி செண்பகம்